கருடத்வஜம் நாட்டிய யவன பாகவதன்

ஸ்ரீ:

எம்பெருமானுக்கு ப்ரஹ்மோத்ஸவம் தொடங்கும் நாளில் கருடனின் உருவெழுதிய கொடியை த்வஜஸ்தம்பத்தில் ஏற்றுவது ஆகம மரபு. பெரிய திருவடி கொடியில் எழுந்தருளித் தேவர்களையும் அடியார்களையும் உத்ஸவத்திற்கு அழைக்கிறான் என்பர் பெரியோர். கொடியேற்றம் ஸேவிக்க வரும் அன்பர்கள் அந்த ஸ்தம்பத்தின் முன் தண்டனிட்டே உள்ளே செல்வர். வாஸுதேவனின் ஸந்நிதியில் கருடனைத் தாங்கிய தூணை நாட்டும் வழக்கம் எத்துணைப் பழமையானது என்பதைக் கல்லிலேயே காட்டும் சான்று ஒன்று, மத்தியப் பிரதேசத்தில் விதிசா நகரை அடுத்த பேஸ்நகரில் இன்றும் நிற்கிறது.

விதிசா வடமொழி கற்றோருக்குப் புதிய ஊரன்று. மேகஸந்தேசத்தில் காளிதாஸன் மேகத்தைச் சென்று காணச் சொன்ன ராஜதானி அது. அங்கே ஓடும் வேத்ரவதி நதியே இன்று பேத்வா எனப்படுகிறது. அந்த ஊர்ப்புறத்தில் ஒற்றைக் கல்தூண் ஒன்று. அடியில் எட்டுப் பட்டையாகவும், மேலே பதினாறு, முப்பத்திரண்டு பட்டைகளாகவும் வளர்ந்து, உச்சியில் உருண்டு முடிவது. அதை யார் நாட்டினர், எதற்காக நாட்டினர் என்பதை ஊரார் அறியார். ஆயினும் அதைத் தெய்வமாகவே கண்டு, 'கம்ப பாபா' என்று பெயரிட்டு, தலைமுறை தலைமுறையாகச் செந்தூரம் பூசி வணங்கி வந்தனர். வடமொழி 'ஸ்கம்பம்' அவர்கள் வாயில் கம்பமாயிற்று. 'பாபா' என்பது தந்தையையும் பெரியவரையும் அழைக்கும் சொல்.

1877ஆம் ஆண்டில் தொல்பொருள் ஆய்வாளர் அலெக்ஸாண்டர் கன்னிங்ஹாம் அங்கு வந்தார். கல்லெழுத்துகளைத் தேடுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்டவர் அவர். தூணைச் சுற்றிப் பார்த்தார். செந்தூரம் கனத்த மேலோடாகப் படிந்திருந்தமையால் எழுத்து ஒன்றும் புலப்படவில்லை. அமைப்பை மட்டும் நோக்கி, குப்தர் காலத்ததாகலாம் என்று கருதிச் சென்றுவிட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 1909இல், செந்தூரத்தை அகற்றியபோதுதான் கீழே பிராமி எழுத்துகள் தென்பட்டன. தூண் குப்தர்களுக்கு ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் முந்தையது, அதாவது கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது என்பது தெளிவாயிற்று.

பிராக்ருத மொழியில் அமைந்த அந்தச் சாஸனம் கூறும் செய்தி இது: தேவர்களுக்கெல்லாம் தேவனான வாஸுதேவனுக்கு இந்த கருடத்வஜத்தைச் செய்வித்தவன் ஹெலியோடோரஸ் என்னும் பாகவதன், டியோன் என்பவனின் மகன், தக்ஷசீலத்தைச் சேர்ந்தவன், அந்தியால்கிடஸ் என்னும் யவன மஹாராஜனிடமிருந்து, காசீபுத்ரனாகிய பாகபத்ர மன்னனின் பதினான்காம் ஆட்சியாண்டில் தூதனாய் வந்தவன்.

பிறப்பால் யவனன், தந்தையின் பெயரும் அவன் பெயரும் கிரேக்கப் பெயர்கள். 'ஹெலியோடோரஸ்' என்றால் ஸூர்யன் அளித்தவன் என்று பொருள். வடமொழியில் ஸூர்யதத்தன் எனலாம். அவனை அனுப்பிய அரசனின் நாணயங்களில் ஒருபுறம் கிரேக்க எழுத்தும் மறுபுறம் கரோஷ்டி எழுத்தும் காணப்படுகின்றன. இன்று பாகிஸ்தானில் உள்ள தக்ஷசீலத்திற்கும் விதிசாவிற்கும் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு. அத்தனை தூரம் அரச காரியமாக வந்தவன், தன் அரசனின் பெருமையைக் கல்லில் வெட்டி நிறுத்தவில்லை. எம்பெருமானின் வாஹனத்தை உயர்த்தி நிறுத்தினான்.

அயல்நாட்டு மன்னனை மகிழ்விக்கவே தூதன் இவ்வாறு செய்தான் என்று ஐயுறுவோர் உண்டு. மன்னனை மகிழ்விக்கப் பரிசுப் பொருள்கள் போதுமே! தன்னைப் பாகவதன் என்று கல்லில் எழுதிக்கொள்ள வேண்டிய கட்டாயம் ஏதும் அதில் இல்லை. அவன் நெஞ்சை அறிந்தவன் வாஸுதேவன் ஒருவனே. அவன் எழுதியதை எழுதியபடி ஏற்பதே நமக்கு அழகு.

இச்சாஸனம் மற்றொரு வழக்கையும் தீர்த்துவைத்தது. க்ருஷ்ண பக்தி கிறிஸ்து மதத்தின் சாயலாக எழுந்தது என்று 19ஆம் நூற்றாண்டின் மேல்நாட்டு அறிஞர் சிலர் எழுதி வந்தனர். கிறிஸ்து பிறப்பதற்கு நூறாண்டுகளுக்கு முன்பே ஒரு கிரேக்கன் வாஸுதேவனின் அடியானாய்க் கொடித்தூண் நாட்டியிருக்கிறான் எனில், அந்த வாதம் நிற்குமோ? 1963 முதல் 1965 வரை அங்கு நடந்த அகழ்வில் நீள்வட்ட வடிவான பழங்கோயில் ஒன்றின் அடித்தளமும் வெளிப்பட்டது. அது தூணுக்கும் முந்தையது என்றும், ஆற்று வெள்ளத்தில் அழிந்தது என்றும் ஆய்வாளர் கண்டனர். முன்னமே விளங்கிய திருக்கோயில் ஒன்றின் வாயிலுக்கே அந்த யவனன் வந்து சேர்ந்தான்.

தூணின் மற்றொரு பக்கத்தில் வேறொரு வாசகமும் உண்டு. மூன்று அம்ருத பதங்களை நன்கு கடைப்பிடித்தால் அவை ஸ்வர்க்கத்திற்கு இட்டுச் செல்லும் என்கிறது அது. அவை தமம், த்யாகம், அப்ரமாதம். தமம் புலன்களை அடக்குவது. த்யாகம் தனதென்னும் பற்றை விட்டுக் கொடுப்பது. அப்ரமாதம் சோர்வும் மறதியும் இன்றி விழித்திருப்பது. மஹாபாரதத்து ஸ்த்ரீ பர்வத்தில், மக்களை இழந்து கலங்கிய த்ருதராஷ்ட்ரனுக்கு விதுரன் உபதேசித்ததும் இம்மூன்றையே.

மூன்றாவதான அப்ரமாதத்தை அத்தூணின் கதையே நமக்கு விளக்குகிறது. கோயில் மறைந்தது, உச்சியிலிருந்த கருடன் மறைந்தான், நாட்டியவன் பெயரும், யாருக்காக நாட்டினான் என்பதும் மறந்துபோயின. செந்தூரம் பூசிய எளிய மக்களின் கைகள் மட்டும் மறக்கவில்லை. இது வெறும் கல் அன்று என்னும் ஒரே நினைவு அவர்களிடம் தங்கியது. கற்றவர் வந்து படிக்கும் நாள்வரை தூண் தெய்வமாய் நின்றது. ஆனால் பக்தி பூசிய அதே செந்தூரத்தின் கீழ், எந்தப் பெருமானின் தூண் என்ற செய்தி படிப்பாரின்றிக் கிடந்ததும் உண்மை. பக்தியோடு அறிவும் விழித்திருக்க வேண்டும் என்பதை இதனினும் தெளிவாக யார் சொல்ல இயலும்?

நம் ஊர்க் கோயில்களின் கதையும் வேறன்று. ப்ராகாரச் சுவர்களில் முன்னோர் வெட்டிய கல்வெட்டுகள் எண்ணெய்ப் பிசுக்கிலும் சுண்ணாம்புப் பூச்சிலும் மறைகின்றன. தூணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு, அதை யார் நாட்டினார், எதற்காக நாட்டினார் என்று சொல்லிக்கொடுப்பதும் கைங்கர்யமே. உத்ஸவத்தில் கொடிமரத்தின் கீழ் தண்டனிடும் அன்பர்கள், மொழியும் பிறப்பும் வேறாயினும் பாகவதன் என்ற ஒரு பெயரையே தனக்குச் சிறப்பாகக் கொண்ட அந்தத் தூதனையும் ஒரு கணம் நினைப்பார்களாக. அடியார் குழாத்தில் யார் வந்து நின்றாலும், நீ யார் என்று வினவாமல் இடம் கொடுப்பார்களாக.

ஸர்வம் ஸ்ரீக்ருஷ்ணார்ப்பணமஸ்து.