கயிறு மாறிய பிறகு

போன மாதம் என் பேத்தி என்னிடம் ஒரு விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னாள். தோழிகளோடு கோடியக்கரைக்குப் போய் வந்திருக்கிறாள். கோடியக்கரை என்றதும் என் வயதுக்காரர்களுக்குப் பூங்குழலியின் ஞாபகம் வரும். இந்தப் பெண்ணுக்கோ, உப்புக்காற்றில் எலும்பு தெரிய நின்றிருந்த ஒரு மட்டக் குதிரையும் அதன் குட்டியும் கண்ணைவிட்டு அகலவில்லையாம்.

"அதுங்களுக்கு யாருமே இல்ல தாத்தா. பிடிச்சு, பழக்கி, நல்ல இடமாப் பார்த்துக் கொடுத்திடணும்னு அரசாங்கத்துக்கு எழுதப் போறோம். நீங்க நல்ல தமிழ்ல எழுதிக் குடுங்க."

நல்ல காரியம்தானே என்று பேனாவை எடுத்தேன். பிடித்து, பழக்கி, நல்ல இடத்தில் ஒப்படைத்து என்பது வரை ஓடிய பேனா அங்கேயே நின்றுவிட்டது. விண்ணப்பம் எழுதுகிற எவனுக்கும் வரக்கூடாத சங்கடம் எனக்கு வந்தது. அந்த மூன்று காரியங்களையும் ஒருமுறை பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

1956-இல் எனக்குப் பத்து வயது. ஸ்ரீவைகுண்டம் அணைக்குக் கீழே, தாமிரபரணிக் கரையில் எங்கள் ஊர். எவனோ ஒரு வண்டிக்காரன் கால் ஒடிந்த பெட்டைக் குதிரை ஒன்றை ஆற்று மணலில் விட்டுவிட்டுப் போயிருந்தான். அது நாணற் புதருக்குள் ஒரு குட்டியைப் போட்டு, அடுத்த கோடையில் செத்தும் போயிற்று. குட்டி மட்டும் பிழைத்தது. மனிதன் கை படாமல், கயிறு என்றால் இன்னதென்று தெரியாமல், மருத மரங்களுக்கும் வாழைத் தோட்டங்களுக்கும் நடுவே மூன்று வருஷம் வளர்ந்தது. நாங்கள் பையன்கள் அதை நூறு கஜத்துக்குள் நெருங்கியதில்லை. காது ஒன்று திரும்பும். அடுத்த நிமிஷம் மணலில் குளம்படிதான் மிஞ்சும்.

ஆனால் குதிரை காற்றைத் தின்று வாழாது. கார் நெற்பயிரில் அது இறங்கத் தொடங்கியதும் ஊரில் கல்லெடுத்தார்கள். ஒருநாள் அதன் விலாவில் ரத்தம் கண்ட என் பெரியப்பா, "அடிச்சுக் கொல்லப் போறானுவ, அதுக்கு முன்னால நாமளே பிடிச்சிருவோம்" என்றார். பத்துப் பேர் சேர்ந்து, ஆற்றோரம் இருந்த சுற்றுச்சுவர் வைத்த தொழுவுக்குள் அதை விரட்டிக் கதவைச் சாத்தினார்கள். பழக்குவதற்கு ஜட்கா ஓட்டி ஓய்ந்திருந்த ஒரு கிழவர் வந்தார். பாய் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம்.

பாய் பழக்கிய அழகை நான் இன்னும் மறக்கவில்லை. சாட்டை கிடையாது, சத்தம் கிடையாது. கவிழ்த்த தகர டின் ஒன்றில் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன பாய், குதிரையப் பழக்க வந்தீரா, பாத்துக்கிட்டு உக்கார வந்தீரா?"

"நான் எங்க பாக்கேன் அண்ணாச்சி? அதுல்லா என்னப் பாக்குது!"

மூன்றாம் நாள் எழுந்து நடந்தார். குதிரை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தால் உடனே முதுகைக் காட்டிக்கொண்டு விலகிப் போவார். அது ஓர் அடி நெருங்க விட்டால் இவர் இரண்டடி பின்வாங்குவார். நெற்றிக்கு நேரே போகக்கூடாது, வாலுக்குப் பின்னாலும் போகக்கூடாது. அந்த இரண்டு இடம்தான் குதிரைக்குக் கண் எட்டாத இடம். தோள்பட்டைப் பக்கமாகவே போகவேண்டும் என்று எனக்குச் சொன்னார். ஊறவைத்த கொள்ளு முதலில் தரையில், பிறகு முறத்தில், பிறகு உள்ளங்கையில். ஒன்பதாம் நாள் தோளில் கை வைத்தார். அது நடுங்கிற்று, ஆனால் நின்றது. நின்ற அந்தக் கணத்திலேயே கையை எடுத்துவிட்டார். "இழுக்கும்போது அது ஒண்ணும் படிக்காது தம்பி. விடும்போதுதான் படிக்கும்" என்றார். ஒரு மாதத்தில் அது என் உள்ளங்கையில் மூக்கை வைத்துத் தின்றது. அந்தச் சூடான மூச்சு பட்டபோது எனக்கு ஏற்பட்ட கர்வம், பிற்காலத்தில் என் முதல் நாவல் அச்சானபோதுகூட ஏற்படவில்லை.

அப்புறம் அதைப் பாளையங்கோட்டையில் தோட்டமும் லாயமும் வைத்திருந்த ஒரு கனவானிடம் கொடுத்தோம். பெரியப்பா முறைப்படி கயிறு மாற்றினார். எங்கள் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு, வாங்குகிறவர் கொண்டுவந்த கயிற்றைக் கட்டினார். பழைய கயிறு எங்கள் மாட்டுத்தொழு ஆணியில் தொங்கிற்று.

மேலே போவதற்கு முன் ஒரு பழைய கதையைச் சொல்லவேண்டும். எங்கள் ஆறு கடலில் சேருகிற இடத்தில் பழையகாயல் என்று ஓர் ஊர். இன்று போனால் உப்பளங்களும் உடைமரங்களும்தான் தெரியும். கடலே ஊரைவிட்டுத் தள்ளிப் போய்விட்டது. மார்க்கோ போலோ எழுதிய காயல் துறைமுகம் இதுதான் என்று அடையாளம் காட்டியவர் இடையன்குடியில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல். பதின்மூன்றாம் நூற்றாண்டின் கடைசியில் ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் இங்கே வந்து இறங்கின. பாண்டியர்கள் வருஷத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கினார்கள் என்றும், வருஷ முடிவில் அவற்றில் நூறு மிஞ்சினால் அதிகம் என்றும் போலோ எழுதி வைத்திருக்கிறார். இந்த நாட்டார் குதிரைக்கு வேகவைத்த சோற்றையும் இறைச்சியையும் போட்டார்களாம். லாடம் கட்டுகிறவன் கிடையாது, வைத்தியன் கிடையாது. வைத்தியன் வந்தால் குதிரை பிழைத்துவிடும், வியாபாரம் படுத்துவிடும் என்று வர்த்தகர்களே அப்படி யாரையும் வரவிடவில்லையாம். யாத்ரீகர் எழுத்தில் கொஞ்சம் மிகை இருக்கும். பாதியைத் தள்ளினாலும் மீதி போதும். அரசன் அந்தக் குதிரைகளை வெறுத்தா கொன்றான்? கொட்டிக் கொடுத்தது பொன். விருந்தாளிக்கு இடுவதுபோல் சோறு போட்டான். குதிரைக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை.

குதிரை வியாபாரத்தில் கயிறு மாறுவது எவ்வளவு பெரிய சடங்கு என்பதை நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் கேட்டு வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கயிறு கை மாறியபின் நன்மை தீமை வாங்கினவனைச் சேர்ந்தது. விற்றவனிடம் திரும்பி வரக்கூடாது. இறைவனே குதிரைச் சேவகனாக வந்து அப்படித்தான் கயிறு மாற்றிக் கொடுத்தான். இரவில் பரியெல்லாம் நரியாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துப் போட்டு ஓடின. அரசன் யாரைப் பிடித்தான்? வாதவூரரை. வைகைச் சுடுமணலில் நின்றவர் அவர். கயிறு மாறிவிட்டது என்று சொல்லித் தப்ப முடியவில்லை. பக்தர்கள் இந்தக் கதைக்கு வேறு பொருள் கொள்வார்கள், கொள்ளட்டும். எனக்குக் கயிறுதான் கண்ணில் படுகிறது.

அமெரிக்காவில் இந்தக் காரியத்தைச் சட்டம் போட்டே செய்கிறார்கள். மேற்கு மாநிலங்களின் வறண்ட பூமியில் திரிகிற குதிரைகளைப் பாதுகாக்க 1971-இல் ஒரு சட்டம் வந்தது. அதற்குமுன் அவற்றைத் துரத்திப் பிடித்து நாய்த் தீனிக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். பாதுகாப்புக் கிடைத்ததும் குதிரை பெருகிற்று, புல் பெருகவில்லை. ஆகவே ஹெலிகாப்டரில் விரட்டிப் பிடித்து, விரும்புகிறவர்களுக்குத் தத்துக் கொடுக்கிறார்கள். ஒரு வருஷம் ஒழுங்காக வைத்துக்கொண்டால் குதிரை அவருக்கே சொந்தம் என்று பத்திரம் கிடைக்கும். ஆள் போதவில்லை என்று 2019-இல் குதிரைக்கு ஆயிரம் டாலர் ஊக்கத்தொகையும் சேர்த்தார்கள். பணத்தையும் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டு, இறைச்சிக்கு வாங்குகிறவர்கள் நிற்கிற ஏலச் சந்தையில் குதிரையைத் தள்ளிவிட்டவர்கள் உண்டு என்று 2021-இல் பத்திரிகைகள் எழுதின. சட்டப்படி அங்கே பிழை ஒன்றுமில்லை. கயிறு மாறிவிட்டது.

எங்கள் குதிரைக்கு வருகிறேன். 1958 மார்கழியில், செங்கோட்டை வண்டியில் வரும் அத்தையை அழைத்துவரத் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் பெரியப்பாவோடு போயிருந்தேன். ஸ்டேஷனுக்கு வெளியே ஜட்காக்கள் வரிசையாக நின்றன. மூன்றாவது வண்டியில் அது நின்றது. நெற்றியில் பிறைபோல ஒரு வெள்ளை, சந்தேகமே இல்லை. கழுத்துப்பட்டை உரசிய இடத்தில் புண்ணும் ஈயும். விலாவை எண்ணலாம். பாளையங்கோட்டைக் கனவானுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருக்கிறது, விற்றிருக்கிறார். வாங்கினவர் இன்னொருவருக்கு விற்றிருக்கிறார். வண்டிக்காரனைத் திட்டலாம் என்றால் அவன் விலாவையும் எண்ணலாம் போலிருந்தது.

நான் தோள்பட்டைப் பக்கமாகப் போய்க் கையை நீட்டினேன். அது தலையைத் தாழ்த்தி என் உள்ளங்கையில் மூக்கை வைத்தது. கண்ணில் நீர் முட்டிவிட்டது எனக்கு. என்னைத் தெரிந்துகொண்டுவிட்டது என்று வண்டிக்காரனிடம் சொன்னேன்.

அவன் சிரித்தான். "எவன் கைய நீட்டுனாலும் வரும் தம்பி. சாதுக் குதிர. அடிச்சாலும் நிக்கும்."

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த வார்த்தையோடு நான் வாதாடிக்கொண்டிருக்கிறேன். ஆற்று மணலில் திரிந்தபோது அதற்கென்று இருந்த சொத்து ஒன்றே ஒன்று: மனிதனைக் கண்டால் வருகிற பயம். கல்லெறிகிறவனிடமிருந்து அதைக் காப்பாற்றியதும் அந்தப் பயம்தான். அதை ஒரு மாதம் பொறுமையாக, அன்பாக, கொள்ளு கொடுத்து நாங்கள் எடுத்துவிட்டோம். மனிதன் கை நல்லது என்று கற்றுக் கொடுத்தோம். எங்கள் கை நல்லதுதான். ஆனால் அது எங்கள் கை என்று படிக்கவில்லை. கை என்று படித்தது. பாயின் வித்தை எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவு நிராயுதபாணியாக அது வண்டியில் நின்றது. அடித்துப் பழக்கியிருந்தால் ஒருவேளை கடிக்கவாவது கற்றிருக்கும்.

பிடிக்காமலே இருந்திருக்கலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். விலாவில் கண்ட ரத்தம் பொய்யல்ல. நாலு நாள் போயிருந்தால் கல்லாலேயே செத்திருக்கும். உபகாரம் செய்தது தப்பில்லை. உபகாரம் பாளையங்கோட்டையில் முடிந்துவிட்டது என்று நினைத்ததுதான் தப்பு. பெரியப்பாவிடம் திரும்ப வாங்கிவிடலாம் என்று அழுதேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. அத்தையின் டிரங்குப் பெட்டியை வேறொரு வண்டியில் ஏற்றிவிட்டு, "கயிறு மாறியாச்சுல்லா" என்றார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. அந்த வருஷம் பிசானமும் பொய்த்திருந்தது.

கோடியக்கரையில் விஷயம் இன்னும் சிக்கல். அந்தச் சரணாலயம் 1967-இல் வெளிமான்களுக்காக ஏற்பட்டது. மனிதர்கள் எந்தக் காலத்திலோ கைவிட்ட குதிரைகளின் வம்சம் அங்கே பெருகி, மான் மேய வேண்டிய புல்லை மேய்கிறது. சீமைக்கருவேல நெற்றுகளைத் தின்று, சாணத்தோடு விதையைப் பரப்பி, புல்வெளியையே முள்காடாக்கவும் துணைபோகிறது. குதிரைக்கு இரங்கினால் மானுக்கு இரங்கவில்லை என்றாகிறது. கடலுக்கு அப்பால் நெடுந்தீவில் போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் சந்ததி பவளக்கல் வேலிகளுக்கு நடுவே திரிகிறது. கோடையில் தண்ணீரின்றிச் சாகிறது. அங்கே வேண்டியது கயிறு அல்ல, தொட்டியில் தண்ணீர். மங்கோலியாவில் நேர் எதிர். அந்நாட்டுக் காட்டுக் குதிரை 1960-களோடு காட்டில் அற்றுப்போய், மிருகக்காட்சிச் சாலைகளில் மட்டும் மிஞ்சியது. ஏறக்குறைய ஒரு டஜன் குதிரைகளின் வழிவந்த அவற்றை 1992 முதல் திரும்ப அந்தப் புல்வெளியிலேயே கொண்டுபோய் விட்டார்கள். விட்டதோடு கைகழுவவில்லை, இன்றைக்கும் எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

விண்ணப்பத்தை எழுதி முடித்தேன். மானுக்காகக் குதிரைகளைக் குறைத்தே ஆகவேண்டுமென்றால் பிடிக்கட்டும், பழக்கட்டும், கொடுக்கட்டும் என்று எழுதினேன். கீழே ஒரு ஷரத்துச் சேர்த்தேன்: கொடுக்கப்பட்ட குதிரையை வாங்கினவர் விற்கக்கூடாது, வைத்துக்கொள்ள முடியாத நாள் வந்தால், அது எத்தனை வருஷம் கழித்து வந்தாலும், கிழமோ நொண்டியோ, கொடுத்தவர்களே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும், அதுவரை ஆண்டுக்கு இருமுறை நேரில் போய்ப் பார்க்கவேண்டும்.

பேத்தி படித்தாள்.

"குதிரை எத்தனை வருஷம் தாத்தா இருக்கும்?"

"இருபத்தைந்து, முப்பது."

மனத்துக்குள் கணக்குப் போட்டாள் என்று நினைக்கிறேன். காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, தோழிகளிடம் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். வாசல்வரை போனவள் திரும்பி, எங்கள் குதிரைக்கு என்ன பெயர் என்று கேட்டாள்.

நாங்கள் பெயர் வைக்கவில்லை. ஆணியில் தொங்கிய கயிற்றைக்கூட அந்தக் கோடையில் கிணற்று வாளிக்குப் போட்டுவிட்டார்கள்.