கொழித்தவள்

கோலார் தங்கவயலில் சயனைடு மேடுகள் இன்னும் நிற்கின்றன. பாறையை இடித்துத் தூளாக்கி, பொன்னைப் பிரித்தபின் கொட்டிய கழிவு மண். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது முதல் 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது வரை ஏறத்தாழ 800 டன் பொன் வெளியே போனது. பெரும்பாலும் வடஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன தலித் தமிழர்களின் உழைப்பு. காற்றுக்காலத்தில் தூள் வீட்டுக்குள் வந்து படியும். பெருக்குவது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

பழைய பொன் சுரங்கங்களின் அருகே கிடைப்பவை பெரும்பாலும் கற்கள்தாம்: நடுவே குழிந்த அடிக்கல், கைக்கு அடங்கும் குழவி. நம் அம்மியின் பக்கத்தில் வைத்தால் சட்டென்று வேறுபாடு தெரியாது. எகிப்தின் சுரங்கங்களைப் பற்றிக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டில் அகதார்கிடெஸ் எழுதியது டியோடோரஸ் வழியாக நமக்குக் கிடைக்கிறது. பெண்களும் முதியவர்களும் இரண்டு மூன்று பேராகத் திரிகையின் பிடியைப் பற்றி, பாறையை மாவாக அரைத்தார்கள் என்கிறார். ஒருத்திக்கும் பெயர் இல்லை. வேல்ஸில் டொலாகோதி சுரங்கத்தருகே குழிகள் விழுந்த கல் ஒன்று உண்டு. தாது இடித்த கல் என்பது ஆய்வாளர் கருத்து. ஐந்து புனிதர்கள் தலைசாய்த்த தடம் என்பது ஊர்க்கதை. உழைத்தவரை மறப்பதற்குப் புனிதர்கள் எப்போதும் உதவுகிறார்கள்!

இடித்தல், அரைத்தல், கொழித்தல். பொன் வேலையின் சொற்கள் எல்லாம் அடுக்களையின் சொற்கள். முறத்தில் கொழித்தவள் ஒருத்தி இருந்தாள். இன்று செல்வம் தானாகவே ‘கொழிக்கிறது’. வினை இருக்கிறது, செய்தவள் இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் தொடங்கி 2014 நவம்பர் 1-இல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலை பார்த்த இடம். கைப்பேசியின் பலகையிலும் துளிப் பொன் உண்டு. ஆனால் அங்கே குழிந்த கல் எதையும் தேட முடியாது. கையுறை, தலையுறை, காலுறை: உடலின் தடம் பொருளில் பதியக் கூடாது என்பதே இத்தகைய ஆலைகளின் ஒழுங்கு. எகிப்தில் கல்லும் தேய்ந்தது, கையும் தேய்ந்தது. இங்கே தேய்வது கழுத்தும் கண்ணும் மட்டும்.

தடம் இருந்தால்தான் கடன் உண்டா? கூலி கொடுத்தாயிற்று, கணக்கு முடிந்தது என்பார்கள். கூலி நேரத்துக்குக் கொடுத்தது. தேய்ந்ததற்கு யாரும் விலை பேசவே இல்லையே. பேசாத ஒன்று எப்படித் தீர்ந்த கணக்காகும்?

இந்தப் பருவத்தில் என் மாணவிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். ஒரகடம் பக்கம் ஆலையில் வேலை பார்த்த அக்காவோ சித்தியோ இருந்தால், உடம்பில் எங்கே வலிக்கிறது என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி வர வேண்டும். இதுவரை பதினொரு தாள்கள் வந்திருக்கின்றன.