எதிராளியை நாமே பொறுக்கலாமா?



பக்கத்துக் கடைக்காரருக்கும் நமக்கும் போட்டி உண்டு. அதில் தவறில்லை. நம் சரக்கு நல்லதென்று சொல்லி நாம் வாடிக்கைக்காரரை அழைக்கிறோம், அவரும் அழைக்கிறார். ஆனால், அவர் கடைக்குக் கொள்முதல் செய்யப் போகும் ஆளை நாம் வழியில் நிறுத்தி, "அந்தப் புழுத்த அரிசியையே எடு, அதுதான் உயர்ந்த ரகம்" என்று சொல்லி அனுப்பினால், அதற்கும் போட்டி என்றுதான் பெயரா? அவர் வியாபாரம் நொடித்துப் போகும் என்பது நம் கணக்கு. ஆயினும் அந்த அரிசியைச் சமைத்துத் தின்னப் போகிறவர் பக்கத்துக் கடைக்காரரல்ல, ஊர் ஜனங்கள்!

அமெரிக்க மாநிலங்களின் கவர்னர் தேர்தலில் இதே காரியம் பல தடவை நடந்திருக்கிறது. அது நியாயமா, அநியாயமா என்பதை நம்மைப் போன்ற கடைக்காரரும் யோசித்துப் பார்க்கலாம். தராசு பிடிக்கிறவனுக்கு இந்தக் கேள்வி அந்நியமானதன்று.

முதலில் அங்குள்ள முறையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறோம். கவர்னர் என்றால் மேலிடத்திலிருந்து நியமிக்கப்பட்டு வருகிறவர் என்பதே நாம் கண்ட வழக்கம். அமெரிக்காவின் 50 மாநிலங்களிலோ, கவர்னர் ஜனங்களின் ஓட்டினால் வருகிறவர். சட்டசபை செய்யும் சட்டத்துக்குக் கையெழுத்திடவும் மறுக்கவும் அவருக்கு அதிகாரம் உண்டு. மாநிலத்தின் வரவு செலவும், சிறைச்சாலைகளும், பெரும் பதவிகளும் அவர் கைக்குள் அடங்கியவை.

அந்த ஆசனத்துக்குப் போகும் வழியில் இரண்டு வாசல்கள் உள்ளன. பெரிய கட்சிகள் இரண்டு: ஜனநாயகக் கட்சி, குடியரசுக் கட்சி. முதலில் ஒவ்வொரு கட்சியும் தன் அபேட்சகர் யார் என்று முடிவு செய்ய வேண்டும். பழைய நாளில் கட்சிப் பெரியதனக்காரர் நாலு பேர் மூடிய அறையில் கூடி அதை முடித்து விடுவார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் ராபர்ட் லா ஃபாலட் என்பவர் கவர்னராயிருந்தபோது, அந்த உரிமையை ஜனங்கள் கையில் கொடுக்க வேண்டுமென்று போராடினார். 1904-ல் மாநில ஓட்டர்களே அந்தச் சட்டத்தை ஓட்டுப் போட்டு ஏற்றுக்கொண்டனர். பிறகு மற்ற மாநிலங்களுக்கும் அது பரவியது. இதுவே முன்தேர்தல். இதில் ஜெயித்தவர்கள்தாம் நவம்பரில் நடக்கும் பொதுத் தேர்தலில் மோதிக் கொள்கிறார்கள்.

சில மாநிலங்களில், கட்சியில் பெயர் பதிந்தவர் மட்டுமே அக்கட்சியின் முன்தேர்தலில் ஓட்டளிக்கலாம். வேறு சிலவற்றில், எவரும் எந்தக் கட்சியின் சீட்டையும் கேட்டு வாங்கலாம். சூழ்ச்சி நுழைவதற்கு இங்கேதான் இடுக்கு இருக்கிறது. எதிர்க்கட்சியின் முன்தேர்தலுக்குள் புகுந்து, அங்கே நிற்பவருள் எவர் மிகவும் தகுதியற்றவரோ அவருக்கே ஓட்டளித்து, அவரை எதிராளியாக்கிக் கொண்டால் நவம்பரில் நம் ஆள் சுலபமாக ஜெயிப்பார் அல்லவா? இதுவே அந்தக் கணக்கு.

இந்தச் சீட்டின் அருமையை உணர ஜார்ஜியா மாநிலத்தின் கதையைக் கேட்க வேண்டும். அங்கே வெகுகாலம் ஜனநாயகக் கட்சி ஒன்றே கட்சி. அதன் முன்தேர்தலில் ஜெயித்தவரே கவர்னர். அந்த முன்தேர்தலில் வெள்ளையர் மட்டுமே ஓட்டளிக்கலாம் என்று கட்சி விதி செய்து வைத்திருந்தது. 1944 ஜூலை 4-ந் தேதி, கொலம்பஸ் நகரில் பிரைமஸ் கிங் என்ற கறுப்பினத்தவர் ஓட்டளிக்கப் போனார். அவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர்; சமய போதகரும் ஆவார். அவரை ஓட்டளிக்க விடாமல் வெளியே தள்ளினார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். 1945-ல் ஜெயித்தார், 1946-ல் மேல் கோர்ட்டும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அப்போது கவர்னராயிருந்த எல்லிஸ் ஆர்னல், வெள்ளையரேயானாலும், அந்தத் தீர்ப்பைக் குறுக்கு வழியில் கவிழ்க்கச் சம்மதிக்கவில்லை. 18 வயதினருக்கு ஓட்டுரிமையும், ஓட்டளிக்க வரி கட்ட வேண்டும் என்ற விதியின் ஒழிப்பும் அவர் ஆட்சியில் வந்தவையே.

ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் அவமானப்பட்டு, வழக்காடி வாங்கிய சீட்டு அது. 20 ஆண்டுகளுக்குப் பின் அதே மாநிலத்தில், அதே முன்தேர்தலில், அது என்ன ஆயிற்று என்று பாருங்கள்.

1966-ல் ஆர்னல் மறுபடியும் கவர்னர் பதவிக்கு நின்றார். அவரை எதிர்த்து நின்றவருள் ஒருவர் லெஸ்டர் மாடக்ஸ். இவரும் கடைக்காரர்தாம்! அட்லாண்டா நகரில் வறுத்த கோழிக்குப் பேர்போன சாப்பாட்டுக் கடை நடத்தியவர். 1964 ஜூலையில், நிற பேதமின்றி எல்லாருக்கும் கடைகளில் பரிமாற வேண்டுமென்ற சட்டம் வந்தது. உடனே சாப்பிட வந்த கறுப்பு இளைஞர் மூவரை இவர் கைத்துப்பாக்கியுடன் விரட்டினார். இவர் பக்கத்தார் கோடரிக் காம்புகளைத் தூக்கிக் கொண்டு நின்றனர். கோர்ட்டில் தோற்ற பிறகும், கறுப்பினத்தவருக்குச் சோறு போடுவதைவிடக் கடையையே விட்டு விடுவது மேல் என்று விட்டு விட்டார். பசித்து வந்தவனை நிறம் பார்த்து விரட்டிய வியாபாரி ஒரு மாநிலத்தை ஆள வந்தார் என்றால், நம் தொழிலுக்கே அது தலைகுனிவு.

செப்டம்பர் 14-ல் நடந்த முதல் சுற்றில் ஆர்னல் முதலாவதாகவும், மாடக்ஸ் இரண்டாவதாகவும் வந்தனர். மூன்றாவதாக வந்தவர் ஜிம்மி கார்ட்டர். மாடக்ஸைவிட அவருக்கு ஏறத்தாழ 21 ஆயிரம் ஓட்டுகளே குறைவு. எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காததால், செப்டம்பர் 28-ல் முதல் இருவருக்கும் மறு சுற்று நடந்தது. அதில் மாடக்ஸ் ஏறக்குறைய 70 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார்!

குடியரசுக் கட்சிக்கு அவ்வாண்டு முன்தேர்தலே இல்லை. போ காலவே என்பவர்தாம் அதன் அபேட்சகர். ஆகவே அக்கட்சியார் பலர் மறு சுற்றுக்குள் நுழைந்து, காலவேயால் எளிதில் தோற்கடிக்கக் கூடியவர் என்று எண்ணி மாடக்ஸுக்கு ஓட்டளித்தனர் என்று அந்நாளில் பரவலாகப் பேசப்பட்டது. ஓட்டு இரகசியமானது, எத்தனை பேர் அவ்வாறு செய்தனர் என்று எண்ணிக் காட்ட எவராலும் ஆகாது. மாடக்ஸை மனதார விரும்பியவரும் ஏராளம் என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் அந்தக் கணக்குப் போட்டவர்களின் கதி என்ன ஆயிற்று?

நவம்பரில் காலவேக்கு மாடக்ஸைவிட 3,039 ஓட்டுகள் அதிகம் கிடைத்தன. ஆனால் இருவரையும் ஏற்க மனமில்லாத ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆர்னலின் பெயரைத் தங்கள் கையால் சீட்டில் எழுதிப் போட்டு விட்டனர். அதனால் எவருக்கும் பாதிக்கு மேல் இல்லை. அவ்வாறானால் சட்டசபையே கவர்னரைத் தெரிந்தெடுக்கும் என்பது ஜார்ஜியாவின் பழைய விதி. அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டும் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்த விதி செல்லும் என்றது. சட்டசபையோ ஜனநாயகக் கட்சியின் கையில். 1967 ஜனவரி 10-ந் தேதி 182-க்கு 66 என்று மாடக்ஸ் கவர்னரானார். எளிதில் தோற்பார் என்று பொறுக்கப்பட்டவர் ஆசனத்தில் அமர்ந்தார். அதிக ஓட்டு வாங்கியவர் வீட்டுக்குப் போனார்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பதவிக்கு வந்த பின் மாடக்ஸ் எதிர்பார்த்த அளவு கொடுமை செய்யவில்லை. முந்திய கவர்னர்களைவிட அதிகமான கறுப்பினத்தவருக்குப் பதவிகள் தந்தார். சிறைச்சாலைகளைச் சீர்திருத்தவும் முயன்றார். ஆயினும் 1968-ல் டாக்டர் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதி ஊர்வலம் அட்லாண்டாவில் நடந்தபோது, அரசாங்கக் காரியாலயங்களை மூட மறுத்து விட்டார். அவர் செய்த நன்மை அவருடையது. சூழ்ச்சியாக ஓட்டளித்தவர்களின் வரவில் அதை எழுத முடியாது. அவர்கள் அவரிடம் நன்மையை எதிர்பார்த்தா ஓட்டளித்தார்கள்?

"இது திட்டம் கெட்டுப் போன கதை. திட்டம் பலித்தால் என்ன சொல்வீர்?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. பலித்த கதைகளும் உள்ளன.

2002-ல் கலிபோர்னியாவில் கவர்னர் கிரே டேவிஸ் ஜனநாயகக் கட்சிக்காரர். குடியரசுக் கட்சியின் முன்தேர்தலில் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் முன்னாள் மேயர் ரிச்சர்ட் ரியார்டன் பலசாலி என்று கண்டு, ஏறத்தாழ ஒரு கோடி டாலர் செலவில் அவரைத் தாக்கி விளம்பரம் செய்தார். ரியார்டன் தோற்றார், பலவீனமான பில் சைமன் அபேட்சகரானார், நவம்பரில் டேவிஸ் ஜெயித்தார். ஆனால், மின்சாரத் தட்டுப்பாட்டாலும் பணமுடையாலும் மனக்கசப்புற்றிருந்த ஜனங்கள், ஓராண்டுக்குள், 2003 அக்டோபரில், அவரைத் திரும்ப அழைக்கும் ஓட்டெடுப்பில் பதவியிலிருந்து இறக்கி விட்டனர். வேறு ஆளில்லாமல் கிடைத்த ஓட்டு, நம்பிக்கையால் கிடைத்த ஓட்டு அல்லவே!

2022-ல் இது இன்னும் விரிவாக நடந்தது. இல்லினாய் மாநிலத்தில் கவர்னர் பிரிட்ஸ்கரும், ஜனநாயகக் கட்சிக் கவர்னர்களின் சங்கமும் கோடிக்கணக்கான டாலரைக் குடியரசுக் கட்சியின் முன்தேர்தலில் இறக்கினர். பலமுள்ளவர் என்று கருதப்பட்ட ரிச்சர்ட் இர்வினைத் தாக்கினர். டாரன் பெய்லியை, பழைமைவாதத்தில் எல்லை கடந்தவர் என்று கண்டிப்பது போல விளம்பரம் செய்தனர். அக்கட்சியின் பற்றுள்ள ஓட்டர்கள் காதில் அது சிபாரிசாகவே விழுந்தது. பெய்லி முன்தேர்தலில் ஜெயித்தார், நவம்பரில் தோற்றார். பென்சில்வேனியாவில் ஜோஷ் ஷப்பைரோ, டக் மாஸ்ட்ரியானோவைப் பற்றி அதே மாதிரி விளம்பரம் செய்தார். இந்த மாஸ்ட்ரியானோ, 2020 ஜனாதிபதித் தேர்தலின் முடிவைக் கவிழ்க்க முயன்றவருள் ஒருவர். அங்கும் திட்டம் பலித்தது, மேரிலாந்திலும் பலித்தது. அவ்வாண்டு இத்தகைய தந்திரங்களை ஜனநாயகக் கட்சியின் முன்னாள் காங்கிரஸ் உறுப்பினர்கள் சிலரே கண்டித்தனர். "இவர்கள் ஜனநாயகத்துக்கே ஆபத்து என்று நாம் கூவிக்கொண்டு, நாமே இவர்களைத் தூக்கி விடலாமா?" என்பதே அவர்கள் கேள்வியின் சாரம்.

இலாபம் வந்து விட்டால் குற்றம் போய் விடுமா? ஓர் அநாதைப் பிள்ளையின் பணத்தை நம்மிடம் அமானிதமாக வைக்கிறார்கள். நாம் அதை எடுத்துச் சூதாடுகிறோம்; ஜெயித்து விடுகிறோம். முதல் குறையாமல் திருப்பியும் கொடுத்து விடுகிறோம். பிள்ளைக்கு நஷ்டமில்லைதான். ஆனால் நாம் யோக்கியரா? பணயம் வைத்தது நம் பணமல்ல என்பதில்தான் குற்றம் இருக்கிறது. தகுதியற்றவனை வாசல்வரை கொண்டு வந்து நிறுத்துகிறவன் பணயம் வைப்பது, அந்த மாநிலத்தார் அத்தனை பேரின் வாழ்வையும். அவர்களுள் எவரும் அவனுக்கு அனுமதி கொடுக்கவில்லை.

அன்றியும், அந்த எதிர்க்கட்சிக்குள்ளேயே நல்லவரைத் தேடிய யோக்கியர்கள் இருப்பார்கள். நாம் வெளியேயிருந்து தராசில் கை வைத்து அவர்கள் நிறுவையைக் கெடுக்கிறோம். ஓட்டு என்பது, "இவர் தகுந்தவர்" என்று சொல்லும் சாட்சி. தகுதியற்றவர் என்று தெரிந்தே அதைச் சொன்னால் அது பொய்ச்சாட்சி.

"சட்டம் தடுக்கவில்லையே?" என்பார்கள். உண்மை. இரகசியச் சீட்டில் எவர் எண்ணத்தையும் சட்டம் பார்க்க முடியாது. வாங்குகிறவருக்குத் தெரியாத இடத்தில் சரக்கின் குறையைச் சொல்லாமல் விற்றாலும் எப்போதும் போலீஸ் வருவதில்லை. சட்டம் எட்டாத இடத்தில்தான் மனிதன் தன் யோக்கியதையைக் காட்ட வேண்டும்.

ஆயினும், எதிர்க்கட்சியின் முன்தேர்தலுக்குள் போவதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. ஒரே கட்சி ஆளும் மாநிலத்தில் உண்மையான தேர்தல் முன்தேர்தல்தான். அங்கே மற்றக் கட்சிக்காரர் உள்ளே போய், நிற்பவருள் நல்லவருக்கு ஓட்டளித்தால் அது நேர்மையே. ஊருக்கு உபகாரமும் ஆகும். 1966-ல் ஜார்ஜியாவின் குடியரசுக் கட்சியார் ஆர்னலுக்கு ஓட்டளித்திருந்தால் எவரும் குறை சொல்ல முடியாது. வாசல் ஒன்றே, எண்ணம்தான் வேறு.

இரண்டையும் பிரித்தறிய ஒரே ஒரு படிக்கல் போதும். சீட்டில் அடையாளமிடுமுன் நம்மை நாமே கேட்டுக் கொள்ள வேண்டியது இது: "நம் கணக்கெல்லாம் தவறி, இந்த மனிதரே நாளை நம்மை ஆள வந்தால், நம் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, 'இவரைத் தேர்ந்தெடுத்தவர்களுள் நாமும் ஒருவர்' என்று கூசாமல் சொல்வோமா?" சொல்வோமென்றால் எந்தக் கட்சியின் சீட்டையும் வாங்கலாம். சொல்ல முடியாதென்றால் அந்தச் சீட்டைத் தொடக் கூடாது.

மாநிலம் பெரிது, சங்கம் சிறிது. நிறுக்கும் படிக்கல் ஒன்றே. பிரைமஸ் கிங் தள்ளுப்பட்டும் திரும்ப வந்து கேட்டு வாங்கிய சீட்டை, விளையாட்டுக் காய் ஆக்காதிருப்போமாக.