எஞ்சிய வர்ணமும் பற்றின்மையும்

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நீடிக்கும் மீன்பிடித் தடைக்காலத்தில், காசிமேட்டு விசைப்படகுகளைச் செப்பனிட்டு வர்ணம் தீட்டியபின் டப்பாவின் அடியில் எஞ்சும் பெயின்டைப் பத்திரப்படுத்துவது, சகலத்தையும் துறந்த பட்டினத்தாரின் சமாதி அமைந்த திருவொற்றியூரின் அருகே வாழ்வோருக்குப் பற்றாகுமா, தர்மமாகுமா?

தர்மமே என்பேன். எண்ணெய் வகைப் பெயின்ட் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கலந்து இறுகும் சுபாவமுடையது. ஆதலால், பாதி காலியான பெரிய டப்பாவிலேயே அதை விட்டுவிடாமல், மேலே காற்றுக்கு இடம் மிகாதபடி சிறிய டப்பாவுக்கு மாற்றி, விளிம்பைத் துடைத்து, மூடியை இறுக அழுத்தி, வெயிலும் அடுப்பும் அணுகாத இடத்தில், உப்புக்காற்றில் தகரம் எளிதில் துருப்பிடிக்குமாகையால் ஈரத்தரையில் படாமல் பலகைமேல் வைத்தல் வேண்டும். நீர் கலந்த பெயின்டோ கிருமிகளால் கெட்டு நாறும். அதில் அழுக்கு பிரஷ் படலாகாது.

பட்டினத்தார் துறந்தது ‘எனது’ என்னும் அபிமானத்தை. பொருளுக்குப் பின்னுள்ள உழைப்பை அவர் இகழ்ந்தாரென்று கொள்ள நியாயமில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் பரவி மீனவரின் ஜீவனத்தையே குலைத்த எண்ணூர்க் கழிமுகத்தை அறிந்த பின்னும், எஞ்சியதைச் சாக்கடையில் கொட்டிவிட்டு நிம்மதியுறுகிறவனை விரக்தன் என்று எவ்வாறு அழைப்பது? மூடியின்மேல் வர்ணத்தின் பெயரையும் வாங்கிய மாதத்தையும் எழுதிவைத்து, கேட்டு வரும் அண்டைவீட்டாருக்கு மனமுவந்து எடுத்துக் கொடுக்கிறவனிடமே எனக்குத் துறவின் லட்சணம் தென்படுகிறது.