கோடை மடு

மழைக்காலத்தில் கரியாலூருக்குப் போகிறவர்கள் பெரியார் அருவியையும் மேகம் அருவியையும் கண்டு மலைத்து நிற்கிறார்கள். கல்வராயன் மலையின் ஓடைகள் எல்லாம் அப்போது ஆறாகிவிடும். கல்படை, பொட்டியம் பக்கமிருந்து இறங்கும் தண்ணீர் கோமுகி அணையை நிரப்பும். ஆனால் மலையாற்றின் உயிர் எங்கே இருக்கிறது என்று அறிய வேண்டுமானால், மழை பொய்த்த ஆண்டின் பங்குனி, சித்திரையில் போக வேண்டும். அப்போது ஓட்டம் அறுந்து, பாறை காய்ந்து, தண்ணீர் அங்கங்கே மடுக்களாகச் சுருங்கிக் கிடக்கும். அடுத்த ஆண்டின் ஆறு அந்த மடுக்களுக்குள்தான் இருக்கிறது.

கெண்டையும் கெளுத்தியும் அயிரையும் அங்கேதான் ஒதுங்குகின்றன. வாய்க்கு அடியில் உள்ள உறிஞ்சியால் பாறையைப் பற்றிக்கொண்டு வெள்ளத்தையே எதிர்த்து நிற்கும் சிறுமீன்களுக்கும் வேறு புகல் இல்லை. புதுவெள்ளம் வந்ததும் மேலேறி முட்டையிடப் போவது இந்த மடுவில் பிழைத்த மீன்கள்தான்.

தூண்டில்காரருக்கு மீன் மிக எளிதாக அகப்படும் காலமும் இதுதான். முள்ளில் மண்புழுவைக் கோத்துப் போட்ட நொடியில் தக்கை அமிழும். ஒரு வீச்சில் வலை கனக்கும். அதற்கும் பொறுமையில்லாதவர்கள் வெடி போடுகிறார்கள், நஞ்சு கரைக்கிறார்கள். இவ்விரண்டையும் 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கி, இரண்டு மாதம் வரை சிறை என்றது. ஆனால் வலையாலும் தூண்டிலாலும் ஒரு மடுவைத் துடைத்தெடுப்பவரை அந்த இரண்டு விதிகளும் தொடுவதில்லை. அங்கே மனசாட்சிதான் முதல் காவல்.

அணையில் மீன் குறைந்தால் குஞ்சு விடலாம். 1957இல் ஹிராலால் சௌத்ரி ஊசிமருந்து செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிட வைத்த பிறகு, ரோகு, கட்லா குஞ்சுகளைப் பண்ணையிலேயே பெருக்க முடிகிறது. மலையோடையின் சிறுமீனுக்கு அப்படிப் பண்ணை வைத்தவர் யார்? கீழேயிருந்து ஏறி வரலாம் என்றால் 46 அடி நீர் தேக்கும் அணை குறுக்கே நிற்கிறது. மேலே ஒரு மடு வெறுமையானால் அந்த இழப்பை ஈடுகட்டும் வழி மிகக் குறைவு.

பெரிய மீனுக்கும் இதே கதிதான். 1946இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்த மகசீர் 120 பவுண்டு, அதாவது சுமார் 54 கிலோ. காவிரிப் படுகைக்கே உரிய அந்தத் திமில் மகசீர், 2018இல் மிக அருகிப்போன உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்தது. அணைகளும் வெடிகளும் அயல் மீன்களும் சேர்ந்து அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்தன.

மடுவில் அகப்படும் மீன் நம் கைத்திறனுக்குச் சான்று அல்ல. அதற்குப் போக்கிடம் இல்லை, அவ்வளவுதான். பஞ்ச காலத்தில் அண்டை வீட்டுக்காரரின் நிலத்தை அடிமாட்டு விலைக்கு வாங்கியவரை ஊர் கெட்டிக்காரர் என்று சொன்னதில்லை. எதிரில் இருப்பதற்குத் தப்பிக்க வழியுள்ளபோதுதான் பிடிப்பது திறமை; வழியற்று நிற்கும்போது கையை இழுத்துக்கொள்வதே திறமை. மனிதரிடத்தும் இந்த அளவுகோல் மாறுவதில்லை.

மலையிலேயே வாழும் மலையாளிப் பழங்குடியினர் ஒரு வேளைக் குழம்புக்குப் பிடிப்பதை நான் சொல்லவில்லை. கீழிருந்து வண்டி கட்டிப் பொழுதுபோக்க வருகிற நம்மைத்தான் சொல்கிறேன். அனுமதி உள்ள நீரில், தை மாசியில் ஓட்டம் தெளிந்திருக்கும்போது தூண்டில் போடுங்கள். புதுவெள்ளத்தில் ஏறும் சினைமீனை விட்டுவிடுங்கள். கோடை மடுவின் பக்கம் மட்டும் தூண்டிலோடு போகாதீர்கள்.