புண்ணாக்கில் மிஞ்சும் எண்ணெய்

மார்கழிக் காலையில் காங்கயம் பக்கத்து வீடுகளில் தேங்காய் எண்ணெய் வெள்ளையாக உறைந்து நிற்கும். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது கட்டியாகிவிடும். அதே காலையில் தோட்டத்துக் குட்டையில் கட்லாவும் ரோகுவும் அசைந்துகொண்டுதான் இருக்கின்றன. மீனுக்கென்று தனி உடம்புச்சூடு கிடையாது. தண்ணீர் குளிர்ந்த அளவுக்கு அதுவும் குளிரும். அதன் உடம்பில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியிருக்கும் சவ்வும் கொழுப்பால் ஆனது. அந்தக் கொழுப்பு ஏன் உறையவில்லை? மீன் தீவனத்தில் தாவர எண்ணெய் என்ன செய்கிறது என்று கேட்பவரிடம் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

கொழுப்பு அமிலம் என்பது கரி அணுக்கள் கோத்த சங்கிலி. சங்கிலி நேராக இருந்தால், அடுக்கிய விறகுபோல நெருக்கமாகப் படிந்து இறுகும். தேங்காய் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு இப்படி நேரானவை. நடுவில் ஓரிடத்தில் இரட்டைப் பிணைப்பு விழுந்தால் சங்கிலி வளையும். வளைந்த விறகு அடுக்கில் நிற்காது, எண்ணெய் இளகியே இருக்கும். மீனின் ஈரலில் ஒரு நொதி இருக்கிறது. நேரான சங்கிலியில் முதல் வளைவைப் போடுவது அதன் வேலை. தண்ணீர் குளிரக் குளிர அது மும்முரமாகும். ஆக, தின்ற எண்ணெயை மீன் அப்படியே உடம்பில் ஒட்டிக்கொள்வதில்லை. தனக்கு வேண்டியபடி திருத்தி எழுதிக்கொள்கிறது. எவ்வளவு தூரம் திருத்த முடியும் என்பதில்தான் மீனுக்கு மீன் வேறுபாடு.

திருப்பூர் மாவட்டத்தில் யாரும் குட்டையில் எண்ணெயை ஊற்றுவதில்லை. கடலைப் புண்ணாக்கையும் தவிட்டையும் சரிபாதியாகக் கலந்து கெண்டைகளுக்குப் போடுவது பழைய வழக்கம். செக்கிலோ எந்திரத்திலோ பிழிந்த புண்ணாக்கில் நூற்றுக்கு ஏழெட்டுப் பங்கு எண்ணெய் மிஞ்சியிருக்கும். கரைப்பான் ஊற்றி எடுத்ததில் ஒரு பங்கு தேறினால் அதிகம். புண்ணாக்கு என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு தீவனங்கள்! தவிட்டிலும் எண்ணெய் உண்டு. நார்வேயின் சால்மன் தீவனத்தில் 1990-இல் பத்தில் ஒன்பது பங்கு கடலிலிருந்து வந்த பொருள். 2013-இல் அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கி, மீதி இடத்தைத் தாவரங்கள் பிடித்தன. அங்கே புதுமையாக வந்த மாற்றம், நம் குட்டைக் கெண்டைக்கு என்றைக்கும் உள்ள சாப்பாடு.

மீனின் மூளைக்கும் கண்ணுக்கும் வேண்டியது டி.எச்.ஏ. என்ற ஒமேகா 3 கொழுப்பு: 22 கரி, ஆறு வளைவு. எந்த வித்து எண்ணெயிலும் இது இயற்கையாகக் கிடையாது. 18 கரியும் மூன்று வளைவும் கொண்ட லினோலெனிக் அமிலம்தான் தாவரம் தரும் மூலப்பொருள். அதை நீட்டி, வளைத்து, டி.எச்.ஏ. ஆக்கும் நொதிகள் கெண்டைக்கும் ஜிலேபி மீனுக்கும் இருக்கின்றன. கொடுவா மீனுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. அது பிற மீனைத் தின்று வாழ்வது. இரையிலேயே ஆயத்தமாகக் கிடைப்பதை அது செய்ய வேண்டியிருக்கவில்லை. சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல் கொடுவாவைப் பண்ணையில் இனப்பெருக்கம் செய்யவைத்தது. ஆனால் அதன் தீவனத்தில் மீன் எண்ணெயை அறவே விட முடியாது. கடல் மீன் எல்லாமே இப்படி என்றும் சொல்லிவிடக் கூடாது. பாசி மேயும் ஓரா மீன் கடலில் வாழ்ந்தும் இந்த வேலையைச் செய்துகொள்கிறது.

கெண்டைக்குத் திறமை இருக்கிறது, சரி. கடலை எண்ணெயில் லினோலெனிக் அமிலம் அநேகமாக இல்லையே! அதில் இருப்பது ஓலிக் அமிலமும், ஒமேகா 6 வகையான லினோலிக் அமிலமும். ஒமேகா 6-ம் ஒமேகா 3-ம் ஒரே நொதியிடம் வரிசையில் நிற்பவை. ஒன்று கூட்டமாக வந்தால் மற்றதற்கு இடமில்லை. சாதாக் கெண்டையின் தீவனத்தில் இரண்டுமே ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு வேண்டும். வெறும் கடலைப் புண்ணாக்கில் வளரும் மீனுக்குத் தறி இருக்கிறது, நூல் இல்லை. இதன் விளைவு ஈரலில் தெரியும். நீண்ட ஒமேகா 3 கொழுப்புகள், புதுக் கொழுப்பு செய்வதைக் குறைக்கும்படி ஈரலுக்குச் சொல்பவை. அவை குறைந்தால் அந்தத் தடை தளர்ந்து, ஈரலில் கொழுப்பு சேரும். தாவர எண்ணெயில் கொலஸ்ட்ராலும் இல்லாததால் அதையும் ஈரலே கூடுதலாகத் தயாரிக்க வேண்டிவருகிறது. சால்மனில் இதைக் கண்டிருக்கிறார்கள்.

தேங்காய் எண்ணெயின் கதை வேறு. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம், 12 கரி மட்டுமே உள்ள குட்டைச் சங்கிலி. செல்லுக்குள் எரியும் இடத்துக்கு அது எளிதாகப் போய்ச் சேர்ந்து எரிந்துவிடும். சேமிப்பாகத் தங்குவது குறைவு. தீவனத்துப் புரதம் எரியாமல் சதையாக மாற இது உதவும். விறகாக நல்லது, செங்கல்லாக உதவாது.

பனியன் ஊரான திருப்பூரில் இருந்துகொண்டு பருத்திக்கொட்டையை விட்டுவிட முடியுமா? காங்கயம் மாட்டுக்கு ஊறவைத்து ஆட்டிக் கொடுக்கிறோம். கொட்டையிலுள்ள காசிபால் என்ற நஞ்சை மாட்டின் முதல் இரைப்பை பெரும்பாலும் முடக்கிவிடும். மீனுக்கு அந்த இரைப்பை இல்லை. காசிபால் புரதத்திலுள்ள லைசினைப் பற்றிக்கொண்டு மீனுக்குக் கிடைக்காமல் செய்யும். இன்னொன்று உண்டு, அதிகம் பேசப்படாதது. பருத்தி எண்ணெயில் மிகச் சிறிய அளவில் உள்ள வளையக் கொழுப்பு அமிலங்கள், நான் முதலில் சொன்ன அந்த நொதியையே, முதல் வளைவைப் போடுவதையே, அடைத்துவிடுகின்றன. 1960-இல் அமெரிக்கக் குஞ்சுப்பண்ணைகளில் டிரவுட் மீன்களுக்கு ஈரல் புற்றுநோய் கொள்ளைநோய்போல் பரவியது. பூஞ்சை பிடித்த பருத்திக்கொட்டைப் புண்ணாக்கிலிருந்த அஃப்ளடாக்சின்தான் காரணம்; இந்த வளைய அமிலங்கள் அந்த நஞ்சின் கைக்கு வலு சேர்ப்பதையும் பிறகு கண்டறிந்தார்கள். மழைக்காலத்தில் சாக்கிலேயே பூத்துப்போன புண்ணாக்கைக் குட்டையில் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு மனது பதறுகிறது. மாட்டுக்கு ஆகாதது மீனுக்கும் ஆகாது.

அமராவதி அணையின் ஜிலேபிக்கு இந்தக் கவலைகள் அதிகம் இல்லை. பாசியும் நுண்ணுயிரும் மிதக்கும் பச்சைத் தண்ணீரே அதற்கு ஒமேகா 3-ஐக் கொடுத்துவிடும். மண்குட்டையிலும் சாணமிட்டுப் பச்சை பிடிக்க வைத்தால், கடலைப் புண்ணாக்கின் குறையில் பெரும்பகுதியை அந்தப் பச்சை நிரப்பும். பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசன வாய்க்கால் தண்ணீரைத் தேக்கத் தோட்டங்களில் வெட்டிப் பிளாஸ்டிக் தாள் விரிக்கும் குட்டைகள்தான் வேறு மாதிரி. அடிச்சேற்றோடு தண்ணீருக்கு உறவில்லாததால் பச்சை எளிதில் பிடிப்பதில்லை. மீன் நம் கையை நம்பியே இருக்கிறது. அங்கே புண்ணாக்கோடு கொஞ்சம் ஆளிவிதை சேர்க்கச் சொல்வேன். அதன் எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம். விலை உறுத்தினால் வளர்ப்புக் காலம் முழுக்க வேண்டாம், பிடிப்பதற்கு முந்தைய இரண்டு மாதம் போடட்டும். சதையின் கொழுப்பு கடைசியாகத் தின்றதை நோக்கித்தான் மெல்ல மாறும்.