தோட்டம் யாருடையது?

புனே நகரில் இயந்திர உதிரிப் பாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடம் ஒன்றை நடத்தி வரும் அன்பர் ஒருவர், சில மாதங்களுக்கு முன் ஆசிரமத்திற்கு வந்திருந்தார். பிரசாதம் பெற்றுக்கொண்ட பின்னரும் புறப்படாமல் தயங்கி நின்றார். விசாரித்தபோது நடந்ததைச் சொன்னார்.

அவருடைய அலுவலகத்தில் பில் அனுப்புதல், பாக்கித் தொகையை நினைவூட்டுதல், சரக்கு குறைந்தால் ஆர்டர் கொடுத்தல் ஆகிய பணிகளைச் செயற்கை நுண்ணறிவு ஏஜெண்ட் ஒன்றிடம் ஒப்படைத்திருக்கிறார். பல ஆண்டுகளாக அவரிடம் சரக்கு வாங்கி வந்த ஒரு கடைக்காரர் திடீரெனக் காலமாகிவிட்டார். அச்செய்தி ஏஜெண்டுக்குத் தெரியாது. பாக்கி கேட்டு அது பத்து நாட்களுக்குள் மூன்று கடிதங்கள் அனுப்பிவிட்டது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கடுமை. மூன்றாவதில் வழக்குத் தொடரப்படும் என்ற எச்சரிக்கையும் இருந்தது. கடைக்காரரின் மனைவி தொலைபேசியில் அழுதிருக்கிறார். அன்பர் சற்றும் யோசியாமல், “அம்மா, அதை நான் அனுப்பவில்லை. கம்ப்யூட்டர் தானாக அனுப்பியது” என்று சொல்லிவிட்டார். “கடிதத்தின் அடியில் உங்கள் பெயர்தானே இருக்கிறது?” என்று அந்த அம்மையார் கேட்டாராம்.

“சுவாமிஜி, நான் சொன்னது பொய்யா?” என்பதுதான் அன்பரின் வினா.

சொற்களை மட்டும் பார்த்தால் அது பொய்யன்று. அவர் அக்கடிதங்களை எழுதவுமில்லை, படிக்கவுமில்லை. ஆகவே இவ்வினாவை எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

பழைய கணினி நிரல் ஒவ்வொரு படியையும் மனிதன் எழுதி வைத்தபடியே செய்யும். ஏஜெண்ட் அப்படிப்பட்டதன்று. ‘பாக்கியை வசூலிக்க வேண்டும்’ என்று நாம் பேசும் மொழியிலேயே நோக்கத்தைச் சொன்னால் போதும். அதனுள் இருக்கும் மொழி மாதிரி அந்நோக்கத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரிக்கிறது, கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்க்கிறது, மின்னஞ்சல் அனுப்புகிறது, பதில் வராவிட்டால் அடுத்து என்ன செய்வது என்று தானே தேர்ந்தெடுக்கிறது. 2023-ஆம் ஆண்டு முதல் பரவலாகப் பேசப்பட்டு வரும் இம்முறை இன்று சிறு வணிகர்களின் மேசை வரை வந்துவிட்டது. அது எந்த வாக்கியத்தை எழுதும் என்பது அதை உருவாக்கியவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது.

இதைக் கண்டிக்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. அன்பரின் அலுவலகத்தில் கணக்கு எழுதும் பெண்மணி முன்பெல்லாம் மாதக் கடைசியில் இரவு ஒன்பது மணி வரை இருக்க வேண்டியிருந்தது. இப்போது ஆறு மணிக்கே வீடு திரும்புகிறார். இது சிறிய நன்மையன்று.

பகவத்கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் எச்செயலுக்கும் ஐந்து காரணங்களைக் கூறுகிறது: அதிஷ்டானம், கர்த்தா, கரணம், சேஷ்டை, தெய்வம். அதாவது இடம், செய்பவன், கருவி, முயற்சி, தெய்வம் என்பன. ஏஜெண்ட் இவற்றுள் எது? கரணம், அதாவது கருவி, என்று சொல்லத் தோன்றும். ஆனால் கோடரி எந்த மரத்தை வெட்டுவது என்று தேர்ந்தெடுப்பதில்லை, இது தேர்ந்தெடுக்கிறது. அப்படியானால் இதுவே கர்த்தாவா?

இங்கு ஆதிசங்கரரின் உரை நமக்கு வழிகாட்டுகிறது. கர்த்தா என்பதற்கு அவர் உபாதிகளோடு கூடிய போக்தா, அதாவது அநுபவிப்பவன், என்று பொருள் கூறுகிறார். தேர்ந்தெடுப்பவன் எவனோ அவனே கர்த்தா என்று அவர் சொல்லவில்லை. பாக்கி வசூலானால் ஏஜெண்ட் மகிழ்வதாக நாம் அறியோம். அந்த அம்மையாரின் கண்ணீர் அதைச் சுடுவதாகவும் அறியோம். வசூலான பணம் போய்ச் சேருவது அன்பரின் கணக்கில்தான்.

ஸ்ரீராமகிருஷ்ணர் சொன்ன ஒரு கதை நினைவுக்கு வருகிறது. அந்தணர் ஒருவர் அழகிய தோட்டம் அமைத்திருந்தார். ஒருநாள் ஒரு பசு உள்ளே புகுந்து மாங்கன்றை மேய்ந்துவிட்டது. கோபத்தில் அவர் அடித்த அடியில் பசு இறந்தது. பாவம் அவரைப் பற்ற வந்தபோது, கைக்கு அதிதேவதை இந்திரன், ஆகவே கொன்றது இந்திரனே, என்று அவர் வேதாந்தம் பேசினார். இந்திரன் கிழவர் வேடத்தில் வந்து தோட்டத்தைப் புகழ்ந்து, இதை அமைத்தவர் யார், இந்த மரங்களை நட்டவர் யார் என்று கேட்டான். எல்லாம் நானே என்றார் அந்தணர், பெருமிதத்தோடு. தோட்டமெல்லாம் உம்முடையது, பசுவைக் கொன்றது மட்டும் இந்திரனோ என்று கேட்டான் இந்திரன்.

இக்கதை நீதிமன்றத்திலேயே அரங்கேறியது போன்ற நிகழ்ச்சி ஒன்று கனடாவில் நடந்தது. 2022 நவம்பரில் பாட்டியை இழந்த ஒருவர், துக்கப் பயணத்திற்கான கட்டணச் சலுகை பற்றி ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்த உரையாடல் நிரலிடம் விசாரித்தார். அது முழு ஏஜெண்ட்கூட அன்று. கேள்விக்குப் பதில் சொல்லும் நிரல் மட்டுமே. டிக்கெட் வாங்கிய பின்னரும் 90 நாட்களுக்குள் விண்ணப்பித்துச் சலுகை பெறலாம் என்று அது கூறியது. நிறுவனத்தின் விதியோ வேறு. வழக்கு எழுந்தபோது, அந்த நிரல் தன் செயலுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்று பொருள்படும்படி நிறுவனத்தின் வாதம் அமைந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத் தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் அதை ஏற்க மறுத்து, வட்டியும் செலவும் சேர்த்து ஏறத்தாழ 812 கனடிய டாலர் வழங்கச் சொன்னது. நிரலால் மிச்சமாகும் சம்பளம் நிறுவனத்துக்கு. நிரல் சொன்ன தவறு மட்டும் நிரலுக்கு! அந்தணரின் தர்க்கமும் இதுதான்.

‘நான் செய்பவன் அல்லன்’ என்பது ஞானியின் வாக்கல்லவா என்று சாதகர் சிலர் கேட்கக்கூடும். ஆம். ஆனால் ஞானி அதைப் பலனையும் சேர்த்து விட்டுவிட்டுச் சொல்கிறான். பலனைக் கையில் வைத்துக்கொண்டு பழியை மட்டும் விடுவதற்கு வேதாந்தத்தில் இடமில்லை. உடலுக்குத் தொல்லை என்று அஞ்சிக் கடமையைக் கைவிடுவதை ராஜஸ தியாகம் என்கிறது கீதை. அதனால் தியாகத்தின் பலன் கிட்டுவதில்லை என்றும் கூறுகிறது. அலுப்பூட்டும் வேலையை இயந்திரத்திடம் விடுவதில் குற்றமில்லை. ஆனால் துயருற்றவரிடம் எப்படிப் பேசுவது என்பதையும் அலுப்பூட்டும் வேலைகளின் பட்டியலில் நாம் சேர்த்துவிட்டோமா என்பதைப் பார்க்க வேண்டும்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். 1900-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள் லாஸ் ஏஞ்சலீஸ் நகரில் ‘செயலும் அதன் ரகசியமும்’ பற்றிப் பேசிய சுவாமி விவேகானந்தர், இலக்கில் செலுத்தும் கவனத்தை வழிமுறையிலும் செலுத்த வேண்டும் என்பதையே தம் வாழ்வின் பெரும் பாடமாகக் குறிப்பிட்டார். ஏஜெண்ட் என்ற இந்த ஏற்பாடோ நேர் எதிரானது. இலக்கு நம்முடையது; வழிமுறை அதனுடையது. 2025 ஜூலையில் அமெரிக்கத் தொழில்முனைவர் ஒருவர், நிரல் எழுதித் தரும் ஏஜெண்டிடம் எதையும் மாற்றக் கூடாது என்று கட்டளையிட்டிருந்தும், அது நடைமுறையில் இருந்த தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. இனி மீட்க இயலாது என்றும் அவரிடம் கூறியது. பின்னர் பார்த்தால் மீட்க முடிந்தது! வழிமுறையை முற்றிலும் அதன் கையில் விட்டவர், செய்ததையும் அதன் வாயால்தான் கேட்டறிய வேண்டியிருக்கிறது.

இவற்றையெல்லாம் அன்பரிடம் இவ்வளவு விரிவாகச் சொல்லவில்லை. அந்தணரின் கதையை மட்டும் சொன்னேன். அவர் சிரித்தார், பின்பு நெடுநேரம் பேசாமல் இருந்தார். “அப்படியானால் ஏஜெண்டை எடுத்துவிட வேண்டுமா?” என்று கேட்டார். அது உங்கள் தொழில், நீங்கள்தான் அறிவீர்கள் என்றேன்.

சென்ற மாதம் மீண்டும் வந்திருந்தார். ஏஜெண்டை அவர் எடுத்துவிடவில்லை. பில்களை அது இப்போதும் அனுப்புகிறது. பாக்கிக் கடிதங்களை மட்டும் அது எழுதி வைக்க, நாள்தோறும் காலை ஜபம் முடிந்ததும் அவரே ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து அனுப்புகிறாராம். அரை மணி நேரம் ஆகிறது. சில கடிதங்களை அனுப்பாமல் தொலைபேசியில் பேசிவிடுகிறாராம். அந்த அம்மையாரின் வீட்டுக்கு நேரில் சென்று வந்ததாகவும் சொன்னார். அங்கு என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.